ஏச்சில் வளர்ந்த வேலி

நல்லபெருமாள் அண்ணாச்சி வாய்க்கு வந்தபடி ஏசிவிட்டுப் போன மறுநாள் காலையில் உலகம்மை அக்கா வீட்டு முன்வாசல் வேலி ஒரு சாண் வளர்ந்திருந்தது. எங்கள் தெருவில் யாரும் அதை அதிசயம் என்று சொல்லவில்லை. கண்பட்டால் பிள்ளைக்குக் காய்ச்சல் வரும், வயிறெரிந்தால் பால் திரியும் என்று நம்பி வந்தவர்களுக்கு, ஏசினால் செடி வளரும் என்பது சேர்த்துவைத்துக்கொள்ள இன்னொரு சங்கதி, அவ்வளவுதான்.

பாளையங்கோட்டைக்குத் தெற்கே, நான்குவழிச் சாலைக்கும் வற்றிப்போன ஒரு குளத்துக்கும் நடுவில் இருக்கிறது எங்கள் நகர். மூன்றாவது தெருவில் பதினெட்டு வீடு. பாதிக்குமேல் ரிட்டயர் ஆனவர்கள். நான் ஏழாம் வீட்டு நயினார், மின்வாரியத்தில் இருந்தவன். உலகம்மை அக்காவுக்கு எனக்கு நேர் எதிர்வீடு. அவள் இருபத்தெட்டு வருஷம் நூலகத்தில் வேலை பார்த்தவள். அங்கே பேசிப் பழகின குரலே வீட்டுக்கும் வந்து, சந்தைக்கும் வந்து, கடைசியில் காய்காரனும் குனிந்து காதைக் கொடுத்தால்தான் அவள் என்ன கேட்கிறாள் என்று தெரியும் என்கிற அளவுக்குத் தேய்ந்துபோயிருந்தது. அவள் வீட்டுக்காரர் சிவனணைந்தபெருமாள் புரட்டாசியில் இறந்துபோனார். ஒரே மகள் குழல்வாய்மொழி. குழல் என்று கூப்பிடுவார்கள். அவள் எட்டு வருஷத்துக்கு முன்னால் தன் இஷ்டத்துக்கு ஒருத்தனைக் கட்டிக்கொண்டு போனபோது, இந்த வாசல்படி இனி உனக்கில்லை என்று சொன்னவர் அவர். அவர் செத்த சேதி அவளுக்குப் போய்ச் சேர்வதற்குள் காரியமே முடிந்துவிட்டது.

கார்த்திகையில் குழல் போன் பண்ணினாள். "வரலாமாம்மா?" என்று கேட்டாளாம். "வா" என்றிருக்கிறாள் அக்கா. சித்திரையில் லீவு கிடைக்கும், வருகிறேன் என்று மகள் சொன்ன அன்றைக்கே அக்கா தோட்டக்காரர் வெள்ளத்துரைக்கு ஆள் சொல்லி அனுப்பினாள்.

"அவ போகயில இந்த வாசல்ல வெறும் மண்ணும் ஒரு ஒடஞ்ச தொட்டியும் கெடந்துச்சு. திரும்பி வரயில கேட்டைத் தொறந்ததும் பச்சையா இருக்கணும்" என்று அவள் சொன்னதை வெள்ளத்துரை ரெண்டு தடவை கேட்டு வாங்கிக்கொண்டார்.

வெள்ளத்துரை பூங்காக்களில் செடி வெட்டிப் பழகினவர். கேட்டிலிருந்து படி வரைக்கும் நடைபாதையின் இரண்டு பக்கமும், பிறகு நல்லபெருமாள் அண்ணாச்சி வீட்டு எல்லையை ஒட்டியும், மஞ்சள் துரந்தா என்கிற வேலிச்செடியை நெருக்கி நட்டார். படிக்குப் பக்கத்தில் ரெண்டு சவுக்குக் கன்றை வைத்து, அன்னம்போல் வளைத்த கம்பிக்கூட்டை அதுகளுக்குமேல் கவிழ்த்தார்.

"வேலிய முழங்காலுக்கு மேல விடக் கூடாதுக்கா. அது ஆள மறைக்கதுக்கு இல்ல. கோடு போட்டாப்ல கெடக்கணும். சவுக்கு கூட்ட விட்டு வெளிய தலய நீட்டுனா நறுக்கிரணும். ஆறு மாசத்துல அன்னம் எந்திரிச்சி நிக்கும்."

நிற்கவில்லை. மூன்று மாசம் அக்கா தண்ணீர் விட்டாள், சாணியைக் கரைத்து ஊற்றினாள், மண்புழு உரம் போட்டாள். துரந்தா நட்ட உயரத்திலேயே வெளுத்துப்போய் நின்றது. கம்பி அன்னத்துக்குள் சவுக்கு, கூண்டுக்குள் சீக்குக்கோழி மாதிரி ஒடுங்கிக் கிடந்தது. எங்கள் மண் அப்படி.

அப்போதுதான், மாசி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, செடிக்கு விட்ட தண்ணீர் நல்லபெருமாள் அண்ணாச்சியின் கார் செட்டுக்குள் போய் நின்றது. அண்ணாச்சி பஸ் டெப்போவில் டைம்கீப்பராக இருந்தவர். மைக் கெட்டுப்போன நாட்களில் மைக்கே இல்லாமல் ஏழு தடத்து பஸ்களையும் கூப்பிட்டு அனுப்பின தொண்டை அது. சம்சாரம் ஓசூருக்கு மகன் வீட்டோடு போய்விட்டாள். ஏன் போனாள் என்று அந்தக் குரலை அரைமணி நேரம் கேட்டவர்கள் யாரும் கேட்பதில்லை.

"என்ன மதினி, கண்ணு அவிஞ்சு போச்சா? ஒங்க வீட்டு அண்ணாச்சி இருந்த வரைக்கும் இந்த வீட்டுல ஒரு ஒழுங்கு இருந்துச்சு. அவரு போனதும் நந்தவனம் கேக்குதோ? நந்தவனம்! இந்தச் சவத்துக் குச்சிக்குத் தண்ணி விட்டு என் டயர நனைக்கிய. இது வெளங்குமா? பட்டுப் போகும் பாருங்க. அடியோட பட்டுப் போகும்!"

"இனிமே பாத்து விடுதேன் அண்ணாச்சி" என்று உலகம்மை அக்கா சொன்னதாக அவள் உதட்டைப் பார்த்து நாங்கள் தெரிந்துகொண்டோம்.

மறுநாள்தான் அந்த ஒரு சாண். புதன்கிழமை அவர் தழையைப் பார்த்துவிட்டு இன்னும் கோபமாகி ஏசினார். வியாழக்கிழமை வேலி முழங்காலுக்கு வந்தது. வெள்ளிக்கிழமை அவர் அன்னங்களையும் சேர்த்து ஏசினார். சனிக்கிழமை காலையில் ரெண்டு அன்னத்துக்கும் கழுத்து வந்து, வளைந்து, அலகுவரைக்கும் தழைத்திருந்தது. வெள்ளத்துரை வந்தார், பார்த்தார், கத்தரியை எடுத்து அதிகப்படியானதை நறுக்கினார். "ஏச்சு வாங்குன செடி. எங்க ஊருப் பக்கம் ஒரு பலா இப்படி இருந்துச்சு. கத்தரிய மட்டும் தீட்டி வச்சிருக்கணும்" என்று சொல்லிவிட்டுக் காபியை வாங்கிக் குடித்துவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு நடந்ததற்கு நாங்கள் எல்லோரும்தான் பொறுப்பு.

முதலில் ஒன்பதாம் வீட்டுத் தங்கபுஷ்பம், தன் வாசலில் சோனியாக நின்ற இட்லிப்பூ வரிசையைப் பார்த்தாள், பிறகு சம்பந்திக்குப் போன் பண்ணி வளைகாப்புச் சேலையைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னாள். சம்பந்தி அம்மாள் அன்று மாலையே ஆட்டோ பிடித்து வந்து கேட்டில் நின்று, தங்கபுஷ்பத்தின் ஏழு தலைமுறையையும் இழுத்து வைத்து ஏசினாள். விடிந்ததும் இட்லிப்பூ வரிசை சிவந்து குலுங்கியது. இப்படியே வீட்டுக்கு வீடு பரவி, எது எப்படி என்று பங்குனி பிறப்பதற்குள் எங்களுக்குப் பிடிபட்டுவிட்டது. ஏசுகிறவன் செடி வளராது, ஏச்சு வாங்குகிறவன் செடிதான் வளரும். நடிப்பு ஏச்சுக்கு ஒன்றும் நடக்காது. பன்னிரண்டாம் வீட்டுப் புருஷனும் பெண்டாட்டியும் முறை வைத்துக்கொண்டு ஒருத்தரை ஒருத்தர் ஏசிப் பார்த்து, நடுவில் சிரிப்பு வந்து, அவர்கள் குரோட்டன்ஸ் சுருண்டதுதான் மிச்சம். உள்ளபடியே வயிறு எரிய வேண்டும், சொல்கிற வார்த்தை உண்மையாகவே குத்த வேண்டும். அதேபோல், மனதறிந்து சொன்ன நல்ல வார்த்தை ஒன்றுக்கு இலை உதிரும். தங்கபுஷ்பத்தின் மகன் ஒருநாள் சாப்பிட்டுக் கைகழுவிவிட்டு, குழம்பு ரொம்ப நல்லாருந்துச்சும்மா என்று வாசலில் நின்று சொல்லித் தொலைக்க, ஒரு முழத்துக்கு இட்லிப்பூ மொட்டையாகிவிட்டது. அவள் அவனை ஏசினாள். அதனால் அவன் தொட்டியில் வைத்திருந்த ரோஜா பூத்தது.

ஆகவே எங்களுக்கெல்லாம் உண்மையான பகை தேவைப்பட்டது. இல்லாதவர்கள் தேடிப் போனார்கள். பேசாமல் விட்ட பங்காளிச் சண்டைகளைத் தூசி தட்டி எடுத்தார்கள், சீமந்தத்தில் யாரை முதலில் உட்காரவைத்தார்கள் என்பதை, கல்யாணத்தில் யாருக்கு இலை போடவில்லை என்பதை, சாவு வீட்டில் யார் சிரித்தார்கள் என்பதை. நானும்தான். பதினோரு வருஷத்துக்கு முன்னால் நடந்த காதுகுத்தில் எனக்கு முறைப்படி அழைப்பு வைக்கவில்லை என்று தென்காசியிலிருக்கும் என் மச்சானுக்கு ஒரு கடிதம் எழுதினேன். அவன் நேரில் வந்து ஒருமணி நேரம் நின்று ஏசினான், பிறகு அழுதான், பிறகு போனான். என் காகிதப்பூக் கொடி மாடிவரைக்கும் ஏறிற்று. அவன் இன்றுவரை என் வீட்டுக்கு வரவில்லை. கொடி நன்றாக இருக்கிறது.

மூன்றாவது தெரு அழகாகிவிட்டது. வெள்ளத்துரையும் அவர் கூட்டாளிகளும் வாரம் முழுக்க இங்கேயே கிடந்தார்கள். சவுக்கில் யானையும் தேரும் நின்றன, தூஜாவில் கோபுரம், மருதாணியில் மயில், வாசலுக்கு வாசல் முழங்கால் உயரத்தில் அளவெடுத்து நறுக்கிய வேலி. கல்யாண ஜோடிகள் போட்டோ எடுக்க வந்தார்கள். வெளியூர்க்காரர்கள் பார்க்க வந்து, அடடா, எவ்வளவு அழகு என்று மனதாரச் சொல்லிவிட்டுப் போக, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலத்துக்குள் எல்லாம் அரை மொட்டையாகி, திங்கட்கிழமை நாங்கள் மறுபடியும் ஒருத்தரையொருத்தர் ஏச வேண்டி வந்தது. கடைசியில் தெருமுனையில் ஒரு போர்டு வைத்தோம்: 'தயவுசெய்து செடிகளைப் பாராட்டாதீர்கள்.'

இத்தனைக்கும் நடுவில் ஒரே ஒரு வாசல் மொட்டையாக நின்றது. நல்லபெருமாள் அண்ணாச்சியுடையது.

அவரும் சிமெண்டுத் தளத்தை உடைத்துத் துரந்தா நட்டிருந்தார். நடுவில் நாலு சவுக்கு. அதற்குமேல், டெப்போவில் தெரிந்த வெல்டர் ஒருவரைக் கூட்டிவந்து, பஸ்போல ஒரு கம்பிக்கூடு செய்து நிறுத்தினார்; சக்கரமும் ஜன்னலும் தடம்பலகைக்கு இடமும் வைத்து, ஆள் உயரத்துக்கு நின்றது. ஆனால் அவரை யார் ஏசுவார்கள்? தெருவில் பாதித் தோட்டம் அவர் வாயில் வளர்ந்ததுதான். அவர் ஏச ஆரம்பித்தால் நாங்கள் கையைக் கட்டிக்கொண்டு சிரித்தபடி நிற்போம், அவர் முடித்ததும் நன்றி சொல்லுவோம். அவரைத் திருப்பி ஏசினால் அவர் பஸ் வளருமே. எங்களுக்குள் ஒரு பேச்சும் இல்லாமலே அப்படியொரு கட்டுப்பாடு வந்துவிட்டது. ஒருத்தருக்கு ஒருத்தர் செய்யக்கூடிய பெரிய கெடுதல் ஏசாமல் இருப்பதுதான் என்று ஆகிப்போன தெருவில், அதை முழுசாக அவர் ஒருத்தருக்கு மட்டும் செய்தோம்.

அவருக்கு எங்கள்மேல்கூட அவ்வளவு ஆத்திரம் இல்லை. உலகம்மை அக்காவின் மேல்தான். தன் தொண்டைத் தண்ணீரைக் குடித்து அந்த ரெண்டு அன்னமும் கழுத்தை நீட்டிக்கொண்டு நிற்பதை அவர் தினமும் பல் விளக்கும்போது பார்க்க வேண்டியிருந்தது.

"மதினி, ஒரு வார்த்த. நானும் மனுசந்தானே? மூதேவின்னாவது ஒரு வார்த்த சொல்லுங்க."

"எனக்கு ஏச வராதே அண்ணாச்சி."

"வராதா? நான் ஒங்கள எத்தன பேச்சு பேசியிருக்கேன்? வயிறு எரியலையா?"

"எரியத்தான் செஞ்சுது. அதுக்கு என்ன செய்ய?"

மீன் முள்ளை அவள் நடைபாதையில் கொட்டினார்; அவள் கூட்டி அள்ளினாள். அவள் கேட்டை மறித்துக் காரை நிறுத்தினார். அவள் பக்கவாட்டுச் சந்து வழியாகப் போய்வந்தாள். ஒருநாள் பட்டப்பகலில் எல்லைவேலியைத் தாண்டிப் போய் ஒரு அன்னத்தின் அலகை முறித்தார். நாங்களெல்லாம் நாற்காலி போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தோம், இன்றைக்காவது வாயைத் திறப்பாளா என்று. அவள் முறிந்த இடத்தில் மஞ்சளை அப்பித் துணி சுற்றினாள். "சித்திரைக்குள்ள தழைச்சிரும்" என்று சவுக்கிடம் சொன்னாள். பஸ்ஸில் ஒரு இலையும் துளிர்க்கவில்லை.

சித்திரை பிறந்தது. குழல் புதன்கிழமை வருவதாகச் சொல்லியிருந்தாள். செவ்வாய்க்கிழமை மத்தியானம் அக்கா மகளுக்குப் பிடித்த மாங்காயும் முருங்கைக்காயும் வாங்க உழவர் சந்தைக்குப் போயிருந்தபோது, எங்கள் தெருவுக்குள் ஒரு ஆட்டோ வந்தது. நீலச்சேலை கட்டின ஒரு பெண் பையோடு இறங்கினாள். அக்கா வீட்டு வாசலில் நின்று வேலியையும் அன்னங்களையும் வெகுநேரம் பார்த்தாள். கேட்டில் பூட்டு. பக்கத்து வாசலில் நின்ற நல்லபெருமாள் அண்ணாச்சியிடம் என்னவோ கேட்டாள். அவர் என்னவோ சொன்னார். அவள் கொஞ்சநேரம் கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டு அதே ஆட்டோவில் ஏறிப் போனாள். நான் மாடியில் காகிதப்பூக் கொடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தேன். எல்லாவற்றையும் பார்த்தேன். அக்காவின் மகளை நான் முன்னால் பார்த்ததில்லை; யார் என்று கேட்கவும் இல்லை. யாருக்கோ புதிதாக ஒரு பகை முளைக்கிறது போலும் என்று நினைத்துக்கொண்டேன்.

புதன்கிழமை அக்கா வாசலிலேயே இருந்தாள். வியாழக்கிழமையும் இருந்தாள். போன் பண்ணினால் மணி அடித்து அறுந்தது. வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு, அவள் துரந்தாவுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தபோது, அண்ணாச்சி எல்லைவேலி ஓரம் வந்து நின்றார். குளித்து, நெற்றி நிறையத் திருநீறு பூசி, வெள்ளைச் சட்டை போட்டிருந்தார்.

"மதினி, ஒங்க மக வந்தா."

அக்கா நிமிர்ந்தாள்.

"செவ்வாக்கெழமயே, ஒருநா முந்தி. நான்தான் சொல்லி அனுப்பிட்டேன். ஒங்கம்மா ஒன் மொகத்துல முழிக்க மாட்டேன்னுட்டா, ஒங்கப்பன் சொன்னதுதான் அவளுக்கும், நீ வந்தா வெரட்டிவிடுங்கன்னு எங்கிட்ட சொல்லிட்டு, சாவியக்கூடக் குடுக்காம போயிட்டான்னு சொன்னேன். அழுதுக்கிட்டே போனா."

சொல்லிவிட்டு ரெண்டடி பின்னால் போய், தன் கம்பி பஸ்ஸின் பக்கத்தில், படம் எடுக்க நிற்கிறவர்போல நின்றுகொண்டார். இந்த வார்த்தைக்கு எந்தத் தாயும் பேசாமல் இருக்கமாட்டாள் என்ற நிச்சயம் அவர் முகத்தில் இருந்தது.

அக்கா குழாயை மூடினாள். கையைச் சேலையில் துடைத்தாள். குரலை உயர்த்தவே இல்லை. அந்த நூலகக் குரலிலேயேதான் ஆரம்பித்தாள், ஆனால் அன்றைக்குப் பதினெட்டு வீட்டுக்கும் அது கேட்டது.

"ஏலே நல்லபெருமாளு."

ஏழு வருஷம் அண்ணாச்சி என்று கூப்பிட்ட வாய். கம்பிக்குள் சவுக்கு சிலிர்த்தது.

"ஒரு பஸ்ஸு தழைக்கதுக்காவ எம்புள்ளய எம்வாசல்லருந்து வெரட்டுனியால? எட்டு வருசம்ல. அவ அப்பன் மொகத்த அவ கடைசியா பாக்கலையே. பொறந்த வீட்டு வாசல்ல அவ நிக்கணும்னு ஒவ்வொரு இலையா எண்ணிக்கிட்டுக் கெடந்தேனே, அது ஒனக்குத் தெரியும்ல, தெரிஞ்சுதானல செஞ்ச?"

பஸ்ஸுக்குச் சக்கரம் வந்தது. ஜன்னல் வந்தது. "அப்படித்தான் மதினி! இன்னும்!" என்று அண்ணாச்சி கையைத் தட்டினார். கண்ணில் தண்ணீர் நின்றது அவருக்கு.

"ஒன்னத் தேடி ஒன் வாசலுக்கு ஒருத்தரும் வரக் கூடாது. ஒன் பேரச் சொல்லிக் கூப்பிட ஒரு நாதி இருக்கக் கூடாது. நீ தொண்ட கிழியக் கத்துனாலும் ஏன்னு கேக்க ஆளு இருக்கக் கூடாது. பேதியில போனாலும் ஒனக்கு நல்ல சாவுல. ஒனக்கு அதுவும் வரக் கூடாது. நீ இருக்கணும். தனியா இருக்கணும். ஒன் சத்தத்த நீயே கேட்டுக்கிட்டுக் கெடக்கணும்."

அவள் எவ்வளவு நேரம் பேசினாள் என்று எங்களுக்குள் இன்றும் ஒத்துப்போகவில்லை. எட்டு வருஷத்துக்கானதையும், அதற்கு முன் நூலகத்து இருபத்தெட்டு வருஷத்துக்கானதையும், செத்துப்போன புருஷனிடம் கேட்காமல் விட்டதையும் சேர்த்து அவள் பேசினாள். பஸ் கூட்டை உடைத்துக்கொண்டு வெளியே வந்தது. துரந்தா இடுப்புக்கு வந்து, தோளுக்கு வந்து, கார் செட்டை மூடிற்று. அண்ணாச்சி கைதட்டுவதை நிறுத்தினார். "போதும் மதினி" என்றார். பிறகு ஓடினார், வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்தினார். கதவின்மேல் வேலி ஏறியது, ஜன்னலில் ஏறியது, மாடியை வளைத்து மொட்டைமாடியில் ஒன்றையொன்று கைகோத்துக்கொண்டது. பத்தரை மணிக்கு அங்கே வீடு இல்லை. நாலு மூலையும் நறுக்கிவைத்ததுபோன்ற ஒரு பெரிய பச்சை. "என்னா செழிப்பு!" என்று தங்கபுஷ்பம் தன்னை மறந்து சொல்ல, நாலு இலை உதிர்ந்தது.

அக்கா உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள்.

அண்ணாச்சி போனில் கூப்பிட்டுத் தீயணைப்பு வண்டி வந்தது. ரம்பம் போட்ட முதல் ஆள், எந்த மடையன் வச்ச செடிடா இது என்று சலித்துக்கொள்ள, வேலி இன்னும் ஒரு அடி தடித்தது. அவர்கள் திட்டத் திட்ட அது தடித்தது, தடிக்கத் தடிக்க அவர்கள் திட்டினார்கள். இது தீயில்லை என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். அன்று மாலையோடு அவர் போனும் அணைந்துபோயிற்று.

மறுநாள் சனிக்கிழமை தெருக்காரர்கள் கூடினோம். நல்ல வார்த்தை சொல்லித்தான் உதிர்க்க வேண்டும் என்று முடிவாகி, ஒவ்வொருத்தராக வேலிமுன் போய் நின்றோம். "நல்ல மனுசன்" என்றார் பன்னிரண்டாம் வீட்டுக்காரர். ஒரு இலையும் அசையவில்லை. "தங்கமான கொணம்" என்றேன் நான். எனக்கே கூச்சமாக இருந்தது. தங்கபுஷ்பம் வெகுநேரம் யோசித்து, "காலையில நேரத்துக்கு எந்திரிச்சிருவாவ" என்றாள். ஒரு இலை விழுந்தது. அது உண்மை. மதியம் வரைக்கும் முயன்று மொத்தம் பதினாறு இலை. ஓசூரிலிருக்கும் அவர் சம்சாரத்தைப் போனில் பிடித்து, ஸ்பீக்கரில் போட்டு வேலியிடம் பிடித்தோம். "அவுக ஒருநாளும் சாப்பாட்டக் கொற சொன்னதில்ல" என்று ஆரம்பித்தாள் அந்த அம்மாள். பிறகு, "இல்ல, சொல்லியிருக்காவ" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.

உலகம்மை அக்கா கூட்டத்துக்கு வரவில்லை. அவள் மகளுக்கு எழுதிக்கொண்டிருந்தாள். போனை எடுக்காததால், அவன் சொன்னது பொய், பொய், பொய் என்று எழுத்தில் அனுப்பினாள். 'நீங்க சொல்லிவிட்டதே போதும்மா' என்று ஒரு வரி திரும்பி வந்தது. எட்டு வருஷம் அப்பாவின் பக்கத்தில் வாயைத் திறக்காமல் நின்ற அம்மாவை, அண்ணாச்சியின் பொய்யைவிடக் குறைவாகத்தான் அந்தப் பிள்ளை நம்பியது. அவளைக் குறைசொல்ல முடியாது. பொய் சொன்ன வாய்தான் அதைத் திருப்பி எடுக்க முடியும். அந்த வாய் வேலிக்கு உள்ளே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அக்கா செடிவெட்டும் பெரிய கத்தரியை எடுத்துக்கொண்டு வந்து, அவர் வீட்டு ஜன்னல் இருந்திருக்க வேண்டிய இடத்தில் நின்று வெட்ட ஆரம்பித்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை. மனசுக்குள் அவள் என்ன சொல்லிக்கொண்டாளோ, வேலிக்குக் காது மட்டும்தான். வெட்டியது வெட்டியபடி கிடந்தது. வெள்ளத்துரை சேதி கேட்டு வந்தார். தன் ஆட்களிடம், "பேசாம வெட்டணும். முள்ளு குத்துனாக்கூடச் சத்தம் வரக் கூடாது" என்றார். ஒருமணி நேரம் வேடிக்கை பார்த்துவிட்டு நாங்களும் அரிவாள், கத்தி, கத்தரிக்கோல் என்று கையில் கிடைத்ததோடு போனோம். அன்றும் மறுநாளும் மூன்றாவது தெருவில் ஒரு மனிதக் குரல் இல்லை. சாப்பாடு வந்தது, கையை நீட்டினோம், சாப்பிட்டோம், வெட்டினோம். ஒருத்தருக்கொருத்தர் பகையாளிகள் அத்தனை பேரும் தோளை இடித்துக்கொண்டு நின்றோம். ஆனால் யாரும் யாரையும் பார்க்கவில்லை. பார்த்தால் என்னவாவது பேசிவிடுவோமோ என்று பயம்.

திங்கட்கிழமை மூன்று மணிக்கு ஒரு தலை அளவுக்கு ஓட்டை விழுந்தது. உள்ளே ஜன்னல் கம்பி, கம்பிக்குப் பின்னால் அண்ணாச்சியின் முகம். நாலு நாள் தாடி. கண்ணுக்குள் அந்தப் பச்சை இருட்டு.

அக்கா கையை என் பக்கம் நீட்டினாள். எதற்கென்று எனக்குப் புரிந்தது. அவள் எண்ணை மகள் எடுக்கமாட்டாள். நான் என் போனைக் கொடுத்தேன். கொடுக்கும்போது, அன்றைக்கு மாடியில் இருந்ததை அவளிடம் சொல்ல வாயெடுத்தேன். அவள் தலையை ஆட்டி நிறுத்திவிட்டாள். தெரிந்துதான் வைத்திருந்தாள். எண்ணை அழுத்தி, ஸ்பீக்கரைப் போட்டு, ஓட்டை வழியாக உள்ளே நீட்டினாள்.

"பேசும்."

மணி அடித்தது. "யாரு?" என்றது ஒரு பெண்குரல்.

அண்ணாச்சி தொண்டையைச் செருமினார். அந்தத் தொண்டையிலிருந்து நாங்கள் இதுவரைக்கும் கேட்டிராத ஒரு சின்னச் சத்தம் வந்தது. "யம்மா, நான் ஒங்கம்மா வீட்டுக்குப் பக்கத்து வீடு. செவ்வாக்கெழம ஒங்கிட்டப் பேசுனவன். நான் சொன்னது பொய்யி. ஒங்கம்மா அப்படிச் சொல்லல. ஒனக்கு மாங்கா வாங்கத்தான் சந்தைக்குப் போயிருந்தாவ."

"எதுக்குப் பொய் சொன்னீங்க?"

"ஒரு செடிக்காவ."

"அம்மா இருக்காங்களா?"

அக்கா போனை வெளியே எடுத்து ஸ்பீக்கரை அணைத்துக் காதில் வைத்தாள். மகள் பேசினது எங்களுக்குக் கேட்கவில்லை. அக்கா சொன்னது மட்டும் கேட்டது. "எங்க இருக்க?... நாகர்கோயில்லயா? இன்னும் ஊருக்குக் கெளம்பலையா?... நீ வர வேண்டாம். இந்த வாசல் ஒண்ணும் ஒசத்தியில்ல. அங்ஙனயே இரு. நான் வாறேன். நாலு மணி பஸ்ஸ புடிச்சிருவேன்."

போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சேலையில் ஒட்டின இலைகளை உதறினாள். ஓட்டைக்குள்ளிருந்து அண்ணாச்சி கம்பியைப் பிடித்துக்கொண்டு கூப்பிட்டார்.

"மதினி. நான் சொல்லிட்டேன்லா? ஒரு நல்ல வார்த்த சொல்லுங்க. நீங்க சொன்னா உதிரும். நீங்க வளத்ததுதானே இது."

அக்கா நின்றாள். அவள் தேடினாள், உண்மையாகவே தேடினாள் என்பதற்கு அங்கே நின்ற நாங்கள் அத்தனை பேரும் சாட்சி. ஏழு வருஷத்தையும் ஒவ்வொரு நாளாகப் புரட்டுகிறவள்போல, கண்ணை ஒரே இடத்தில் வைத்துக்கொண்டு, வெகுநேரம் நின்றாள். வேலி அசையாமல் காத்திருந்தது.

"கெடைக்கல" என்றாள்.

அந்த வார்த்தைக்கு ஒரு இலை வளரவும் இல்லை, ஒரு இலை உதிரவும் இல்லை.

அவள் கையிலிருந்த கத்தரியைப் பார்த்தாள். அதன் வாயில் ஒட்டியிருந்த பச்சைச் சாற்றைப் புல்லில் துடைத்தாள். கைப்பிடி அவர் பக்கம் இருக்கும்படி திருப்பி, கம்பிகளுக்கு நடுவில் உள்ளே கொடுத்தாள்.

"கதவத் தொறந்து அந்தப் பக்கமா நீரே வெட்டிக்கிட்டு வாரும்" என்றாள். "நேரமாகும். வாய மூடிக்கிட்டு வெட்டும்."

அவள் பையை எடுத்துக்கொண்டு தெருமுனை திரும்பின பிறகுதான் உள்ளே கத்தரி ஒருதடவை திறந்து மூடுகிற சத்தம் கேட்டது. நாங்கள் இன்னும் அங்கேயேதான் நின்றோம், யார் முதலில் பேசுவது என்று தெரியாமல்.